கமிட்டியும் அவரே, வக்கீலும் அவரே

எங்கள் வீட்டைப் பிடுங்கிக்கொள்ளப் போவதாக மிரட்ட வந்த மனிதர், மிரட்டி முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். எழுந்து, உம்மாவுக்குப் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் முக்காலியில் வந்து உட்கார்ந்தார். "சரி பாயம்மா, இதுக்கு நாம என்ன பதில் சொல்லப் போறோம்?" என்று கேட்டார்.

உம்மா என்னைப் பார்த்தாள். நான் உம்மாவைப் பார்த்தேன்.

அவரை எல்லாரும் ஷேநே என்றுதான் கூப்பிடுவார்கள். பர்மியில் ஷேநே என்றால் வக்கீல். அவர் வக்கீல் இல்லை. வயதான ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து, கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டு கோர்ட்டாக நடந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த கிறிஸ்தவத் தமிழர். அந்த வக்கீல் காலமானதும் வேலை போய்விட்டது, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில் மனைவியோடு இருந்தார். கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி. எங்கள் கட்டடத்துக் கமிட்டியின் செகரட்டரி.

கட்டடம் ரங்கூனில், அலோன் பகுதியில், ஆற்றங்கரைக்குப் போகும் தெருக்களில் ஒன்றில் இருந்தது. முன்பு அங்கே இருந்தது பலகை வீடு. அதன் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் கடைசியில் கான்ட்ராக்டர் வந்து அதை இடித்துவிட்டு ஏழு மாடி எழுப்பினார். பழைய குடித்தனம் என்பதற்காக எங்களுக்கு மூன்றாம் மாடியில் ஒரு வீடு கொடுத்தார். வாப்பா அதில் ஒரு மழைக்காலம்தான் இருந்தார். பிறகு உம்மாவும் நானும் மட்டும்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். எண்பத்தெட்டில் ஊரெல்லாம் போராட்டம் என்று பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அப்போது வீட்டுக்கு வந்தேன். திறந்தபோது மற்ற பிள்ளைகள் போனார்கள், நான் போகவில்லை. வழியில் ஏதாவது நடந்துவிடும் என்று பயம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான். தண்ணீர் மோட்டார் வழக்கத்தைவிடச் சத்தமாக ஓடினால் பயம், ஓடாவிட்டால் அதைவிடப் பயம். உம்மாவின் கூடை வியாபாரத்தில் எனக்கு இருந்த பயத்தைச் சொல்லவே வேண்டாம்.

ரங்கூனில் மாடி வீடுகளின் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். மேலே சின்ன மணி, கீழே ஒரு கிளிப். கீழிருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பர்காரர் கிளிப்பில் பேப்பரை மாட்டிவிட்டுப் போவார், நாம் இழுத்துக்கொள்ளலாம். உம்மா அந்தக் கிளிப்பைக் கழற்றிவிட்டு ஒரு மூங்கில் கூடையைக் கட்டினாள். விடிந்ததும் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போகிறவர்கள் வந்து கயிற்றை இழுப்பார்கள். இடியாப்பமும், இறால் வைத்துப் பொரித்த வாடாவும் கூடையில் இறங்கும். காசு கூடையில் ஏறும். கயிறு அறுந்து கூடை யார் தலையிலாவது விழுந்துவிடும் என்று நான் தினமும் நினைத்துக்கொள்வேன்.

விழவில்லை. வந்தது வேறு. மேல் மாடி வீடு ஒன்றை வாங்கப் பார்க்க வந்த ஒருவர், வாசலில் பத்துப் பேர் அண்ணாந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "இது கட்டடமா, சாப்பாட்டுக் கடையா?" என்று கேட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. எங்கள் ஊரில் அப்போது மாடி வீட்டுக்குத் தனிப் பத்திரம் என்று ஒன்று யாருக்கும் கிடையாது. கான்ட்ராக்டர் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம்தான் எல்லாம். வீட்டில் குடியிருக்க மட்டும்தான் வேண்டும், வியாபாரம் செய்தால் கொடுத்த விலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டைக் கமிட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது.

"நீங்க வெலயே கொடுக்கலயே பாயம்மா" என்று ஷேநே, கண்ணாடி மூக்கில் இருந்தபோதே, விளக்கியிருந்தார். "பழைய குடித்தனம்னு சும்மா கெடச்ச வீடு. அப்ப கமிட்டி ஒங்களுக்குத் திருப்பித் தர வேண்டியது சைபர். சட்டம் சுத்தமா இருக்கு. நாளைக்கே பூட்டலாம்."

அவர் சொன்ன விதத்தில், எங்கள் சாமான்கள் படியில் இறங்குவது என் கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவு நன்றாகப் பேசினார். பிறகுதான் முக்காலி மாறி எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"சும்மா கெடச்ச வீடுன்னு செகரட்டரி சொல்றாரு. எப்படிச் சொல்லலாம்? பலகை வீட்டுல நாப்பது வருசம் இருந்த இடத்த விட்டுக் கொடுத்தோமே, அது வெல இல்லயா? செகரட்டரிக்குக் கொஞ்சமாச்சும் நாயம் வேணாம்?"

"நீங்கதானே சார் செகரட்டரி?" என்றாள் உம்மா.

"அங்க ஒக்காந்திருந்தப்போ" என்றார் அவர். காலி முக்காலியைக் கோபமாகப் பார்த்தார்.

அவர் போன பிறகு உம்மா, "இந்த மனுசர் நல்லவரா கெட்டவரா?" என்று கேட்டாள். எனக்கும் அதுதான் தெரியவேண்டியிருந்தது. அன்றிலிருந்து அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். அவர் மனதில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால், எங்கள் வீடு இருக்குமா போகுமா என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

தெரியவில்லை. ஒருநாள் இன்சீனில் ஒரு நிக்காஹ் வீட்டுக்குச் சர்க்குலர் ரயிலில் போனோம். அதே பெட்டியில் அவரும் இருந்தார். பூக்கூடை வைத்திருந்த ஒரு பர்மிய அம்மாளுக்கும் தகரப் பெட்டி வைத்திருந்த ஒரு ஆளுக்கும் இடத்துக்குச் சண்டை. ஷேநே எழுந்து போய், பூ வாடினால் திரும்ப வராது, தகரம் வாடாது என்று அம்மாளுக்காகப் பேசினார். பெட்டியில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அம்மாளும் உட்காரப் போனாள். அவர் நிறுத்தவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலில் வந்து உட்கார்ந்தவன் எழுந்தால் நாளைக்கு யாருமே நம்பி உட்கார முடியாது என்று தகரப் பெட்டிக்காகப் பேசினார். இப்போது அதற்கும் தலையாட்டினார்கள். அதற்குள் ஒரு பொங்கி, புத்த பிக்கு, ஏறி வந்தார். சாமியாரைக் கண்டதும் எல்லாரும் விலகி அந்த இடத்தை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். ஷேநே இறங்க வேண்டிய ஸ்டேஷனும் போய்விட்டது. எங்களோடு இன்சீன் வரை வந்தார், "வட்டமா சுத்துற ரயிலுதானே" என்று சிரித்துக்கொண்டு.

அவர் மனைவியிடம் உம்மா ஒருமுறை ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். அந்த அம்மா சொன்னது: "என்னக் கேக்காதீங்க லாத்தா. பொண்ணு பாக்க வந்தப்ப, தன்ன ஏன் கட்டக்கூடாதுன்னு எங்கப்பாகிட்ட ஒரு மணி நேரம் பேசுனவரு. எங்கப்பா சரின்னு எந்திரிச்சுட்டாரு. அப்பொறம் ஏன் கட்டணும்னு பேச ஆரம்பிச்சாரு. இன்னக்கி வரைக்கும் எது நெசம்னு எனக்கே தெரியல."

கூட்டம் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நடந்தது. தலைவர் ஏழாம் மாடியில் இருந்த டயர் வியாபாரி. பெரியவர் என்பதால் ஊஜீ என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். பேச்செல்லாம் பர்மியில்தான் நடந்தது, நான் தமிழில் எழுதுகிறேன். ஷேநே கண்ணாடியோடு நின்று எங்களுக்கு எதிராக விளாசித் தள்ளினார். முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, நடந்து வந்து எங்கள் பாயில் உட்கார்ந்தார்.

தலைவர் முகம் சிவந்தார். "ஒன்ன அங்க ஒக்காரச் சொன்னது யாரு?"

"பதில் சொல்ல ஆளு இல்ல ஊஜீ. பாயம்மாவுக்குப் பர்மி தடுமாறுது, பொண்ணு பயந்து கெடக்கு. எதிர்ப்பக்கம் பேசாம முடிச்சா பின்னால ஒங்களுக்குத்தான் கெட்ட பேரு."

எங்களுக்காகவும் நன்றாகத்தான் பேசினார். ஆனால் முன்பு பேசியது அதைவிட நன்றாக இருந்தது. கை தூக்கச் சொன்னார்கள். பெரும்பாலான கைகள் கமிட்டிப் பக்கம் உயர்ந்தன. தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அழக் கூடாது என்று. ஷேநே கை தூக்கினாரா என்று கவனிக்கத் தவறிவிட்டேன். அது இன்னும் எனக்குக் குறைதான்.

பூட்ட வந்த நாள், மத்தியானம். எங்கள் ஊர் மாடி வீடுகளுக்கெல்லாம் வாசலில் மடக்கி இழுக்கும் இரும்புக் கிராதி இருக்கும். அதற்கு வெளியே தலைவர், கமிட்டி ஆட்கள் இரண்டு பேர், கையில் புதுப் பூட்டோடு ஷேநே. சாவிகளை வளையத்தோடு சட்டைப் பையில் வைத்திருந்தார். வெளியே வாருங்கள் என்று தலைவர் கூப்பிட்டார். உம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்துகொண்டு அசையவில்லை. தாலாவில் ஆற்றுக்கு அந்தப்பக்கம் வாப்பாவின் தூரத்து உறவு ஒருவர் இருந்தார், அவர் குடிசையில் எத்தனை நாள் ஒண்டலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் போயிக் கூட்டியாரேன்" என்று சொல்லிப் பூட்டைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு ஷேநே உள்ளே வந்தார். வந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். முக்காலியை இழுத்துப் போட்டு உம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், வெளிய வாங்க!" என்றார் தலைவர்.

"கட்சிக்காரங்க வரமாட்டேங்குறாங்க ஊஜீ. வக்கீலு எப்படித் தனியா வர்றது?"

"விளையாடாத. பூட்டிருவேன்."

"கமிட்டி முடிவு அதுதானே. பூட்டுங்க. செகரட்டரிங்கற முறையில எனக்கு மறுப்பில்ல."

தலைவர் கிராதியை இழுத்து, பூட்டை மாட்டி, ஒரே அழுத்தாக அழுத்தினார். 'க்ளிக்' என்று பூட்டிக்கொண்டது. வெளியே நின்ற கமிட்டி ஆள் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "ஊஜீ, சாவி?"

சாவி உள்ளே இருந்தது. ஷேநேயின் சட்டைப் பையில், எல்லாச் சாவியும், ஒரே வளையத்தில்.

தலைவர் கிராதி வழியாகக் கையை நீட்டினார். "கொடு."

ஷேநே கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "கேக்குறது நாயம். சாவி கமிட்டிச் சொத்து." கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா குடும்பத்தோட வக்கீலா சொல்றேன், இப்பக் கொடுக்கக் கூடாது. கொடுத்தா எங்கள வெளிய தள்ளிருவீங்க."

"பூட்ட அறுத்துருவேன்!"

"அறுக்கலாம். புதுப் பூட்டு, அதுவும் கமிட்டிச் சொத்துதான். சேதம் யார் கணக்கு?"

உம்மா என் காதில், "இவருக்குப் புத்தி பெரண்டு போச்சா?" என்றாள். ஆனால் எழுந்து தேத்தண்ணி போட்டாள். அவர் குடித்துக்கொண்டே, "நாயமாச் சொல்லணும்னா, வாசல்ல கூட்டம் நிக்கிறது தப்புதான் பாயம்மா. கெழவங்க படியேற முடியல" என்று எங்களுக்கு எதிராக ஆரம்பித்தார். பூட்டிய வீட்டுக்குள், எங்கள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு!

வெயில் சாயத் தொடங்கியதும்தான் தலைவருக்கு உண்மையான கஷ்டம் வந்தது. எங்கள் ஊரில் யார் வீட்டில் யார் ராத்தங்கினாலும் வார்டு ஆபீசில் போய் விருந்தாளி என்று பெயர் கொடுக்க வேண்டும். கீழ் மாடிக்காரர் மேல் மாடியில் தூங்கினாலும்தான். கொடுக்காவிட்டால் வீட்டுக்காரர் மேல் குற்றம்; இப்போது பூட்டைப் போட்டவர் மேலும்தான்.

"ஊஜீ, நேரமாகுது" என்று உள்ளேயிருந்து ஷேநே கூப்பிட்டார். "நான் இங்க தங்குறேன்னு பேரு கொடுக்கணும். வீட்டுக்காரங்க போக முடியாது, பூட்டியிருக்கு. நீங்கதான் போகணும். ஏன் அவரு தன் வீட்டுக்குப் போகலன்னு கேப்பாங்க. பூட்டினோம்னு சொல்லுங்க. யாரு பூட்டினா, எந்தக் கட்டடம்னு பார்க்க மேல வருவாங்க. மரியாதையா ஏழாம் மாடி வரைக்கும் கூட்டிட்டுப் போயிக் காட்டுங்க."

கட்டடத்துக்கு அனுமதி ஆறு மாடிக்குத்தான். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டோம். அந்த ஏழாம் மாடியில்தான் தலைவர் இருந்தார்.

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எங்கள் வீடு போகுமோ என்று நான் பட்ட பயத்தை இப்போது அவர் தன் வீட்டுக்காகப் பட்டுக்கொண்டிருந்தார்.

"என்னதான்யா வேணும் ஒனக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் ஊஜீ. கமிட்டிக்கு வாசல் சுத்தமா இருக்கணும். குடும்பத்துக்கு வீடு இருக்கணும்."

கடைசியில் கிராதிக்கு இரண்டு பக்கமும் பேசி முடிவானது: கூடை காலை ஏழு மணிக்குள் இறங்கி ஏறிவிட வேண்டும். வாங்குகிறவர்கள் வாசலில் நிற்கக் கூடாது, எதிர்ச் சாரியில் நிற்க வேண்டும், முறை வந்தால் மட்டும் இந்தப் பக்கம் வரலாம். ஒப்பந்தத்தை வைத்து இனி எங்கள் வீட்டின் மேல் கமிட்டி கை வைக்காது. தலைவர் கமிட்டி ஆட்கள் இரண்டு பேருக்கும் முன்னால் வாயால் சொன்னார். ஷேநே அதைத் திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகுதான் கிராதி வழியாகக் கையை விட்டுத் தானே பூட்டைத் திறந்தார். வெளியே போனவர் திரும்பி நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இது கமிட்டிக்குத் தோல்வி இல்ல, தெரியுதா?" என்று உம்மாவைப் பார்த்துக் கடுமையாகச் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் அவரைச் செகரட்டரி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். யாரும் அவருக்காகப் பேசவில்லை. அவருமே பேசவில்லை என்று கேள்விப்பட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் வந்தார். கண்ணாடி மூக்கில் இல்லை, பையிலும் இல்லை. உம்மா முக்காலியை எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை, கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாயம்மா, இப்ப நான் கமிட்டி இல்ல. ஒங்க கேசும் முடிஞ்சுது, வக்கீலும் இல்ல. ரெண்டாம் மாடிக்காரனா ஒண்ணு சொல்லலாமா?"

"என்ன சார் இப்புடிக் கேக்குறீங்க? சொல்லுங்க."

"எனக்கு அந்தக் கூடையப் புடிக்கல."

உம்மா கிராதிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"மொத நாள்லேருந்தே புடிக்கல. காலையில கண்ணத் தொறந்தா ஜன்னலுக்கு வெளிய கூடை போகுது, வருது. எறா வாசன படுக்கை வரைக்கும் வருது. எனக்கு எறா ஒத்துக்காது. ஒடம்பெல்லாம் தடிச்சிரும். அந்த வாசனைக்கே குமட்டுது."

"யா அல்லாஹ்! இத்தன நாளும் ஏன் சார் சொல்லல?"

"யாரு கேட்டா?" என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார், சற்று ஆச்சரியமாக. "கமிட்டி என்ன சொல்லுதுன்னு கேட்டீங்க. நாம என்ன பதில் சொல்லலாம்னு கேட்டீங்க. என்ன ஒருத்தரும் கேக்கலயே."

இந்தக் கூடைக்காக ஒரு மத்தியானம் முழுக்க எங்களோடு பூட்டிய வீட்டுக்குள் இருந்தவர். அன்று உம்மா அடுப்பங்கரையில் வாடா மாவு பிசைந்து வைத்திருந்தாள், உரித்த இறால் பக்கத்தில் தட்டில் இருந்தது. அவர் அந்தத் தட்டைத் தாண்டித்தான் முக்காலியை இழுத்துப் போட்டிருக்கிறார்.

"சும்மா சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன்" என்று இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் உம்மா பால்கனியில் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் பயந்து போய், வியாபாரத்தையே விட்டுவிடப் போகிறாளா என்று ஓடினேன். அவள் கயிற்றைப் பால்கனியின் அந்த ஓரத்துக்குக் கொண்டுபோய், படிக்கட்டுச் சுவருக்கு நேராகக் கட்டினாள். அங்கிருந்து விட்டால் கூடை யார் ஜன்னலையும் தொடாது. கீழே சாக்கடை ஓரம், நிற்பதற்கு வசதி குறைவு.

துறைமுக ஆட்கள் எதிர்ச் சாரியிலிருந்து பார்த்து முணுமுணுத்தார்கள். ஒருவன் மேலே பார்த்துக் கத்தினான்: "அக்கா, கூடை ஏன் அங்க போச்சு?"

உம்மா குனிந்து, தடுமாறும் பர்மியில், சத்தத்தை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "மெதுவாப் பேசு. கீழ ஒரு மனுசர் தூங்குறாரு."